கலந்தாய்வுக்கு முன்பே முன்பணம் கேட்கிறார்கள்: கொடுக்கலாமா?

பாலக்கோட்டு அண்ணன் (கேள்வி):
அனைவருக்கும் வணக்கம். என் தங்கை ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில்தான் படித்தாள். பொறியியல் படிக்க விரும்புகிறாள். எங்கள் வீட்டில் இதுவரை யாரும் கல்லூரிப் படி ஏறியதில்லை. அப்பா தக்காளி மண்டியில் கூடை தூக்குகிறார், நான் ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறேன். ஒரு தனியார் கல்லூரிக்கு ஆள் சேர்ப்பவர் சென்ற வாரம் வீடு தேடி வந்து, கலந்தாய்வு வரை காத்திருந்தால் இடம் போய்விடும் என்றும், இப்போதே 15,000 ரூபாயும் ஒரிஜினல் சான்றிதழ்களும் கொடுத்தால் குடும்பத்தில் முதலில் பட்டம் படிப்பவருக்கான கட்டணச் சலுகையை, அதாவது முதல் பட்டதாரிச் சலுகையைக் கல்லூரியே வாங்கித் தரும் என்றும் சொன்னார். அம்மா கம்மலைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து வைத்திருக்கிறார். என்ன செய்வது?

கிருஷ்ணகிரிவாசி:
தம்பி, கொடுக்க வேண்டாம். கல்லூரி அலுவலகத்தில் பல ஆண்டுகள் சேர்க்கைப் பிரிவில் இருந்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன். முதல் பட்டதாரிச் சலுகையும் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் கலந்தாய்வு வழியாகச் சேர்பவர்களுக்கு மட்டுமே உரியவை. இப்படிக் கலந்தாய்வு இல்லாமல் கல்லூரியே நேரடியாகச் சேர்த்துக்கொள்ளும் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தால் இரண்டுமே கைவிட்டுப் போய்விடும். 2021 முதல் பொறியியலுக்கும் அந்த 7.5 விழுக்காடு ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கற்பிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்கிறது. பர்கூரிலும் செட்டிக்கரையிலும் உள்ள அரசு பொறியியல் கல்லூரிகளை விருப்பப் பட்டியலில் மேலே வைக்கச் சொல்லுங்கள்.

ஒதுக்கீட்டில் கிடைக்காவிட்டால் பொதுச் சுற்றில் முதல் பட்டதாரிச் சான்றிதழ் கைகொடுக்கும். கிராம நிர்வாக அலுவலரும் வருவாய் ஆய்வாளரும் விசாரித்த பிறகே அது கிடைக்கும் என்பதால் இன்றே இ-சேவை மையத்தில் விண்ணப்பியுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண்களின் உயர்கல்விக்கு அரசு உதவித்தொகை தரும் புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் 1,000 ரூபாய் இவற்றோடு சேர்த்தே கிடைக்கும். கல்லூரியில் சேர்ந்த பின் அங்கேயே விண்ணப்பிக்கலாம். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்த்தவுடன் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழுவின் விதி. அவற்றைப் பிடித்து வைத்துக்கொண்டு பிள்ளைகளை அலைக்கழிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காரிமங்கலம் பொறியாளர்:
மேலே சொன்னது முற்றிலும் சரி. மீதிச் செலவுக்குக் கல்விக் கடன் தேவைப்பட்டால் என் அனுபவத்தையும் கேளுங்கள். 4 லட்சம் ரூபாய் வரை பிணை தேவையில்லை என்பது விதி. ஆனாலும் எங்கள் ஊர் வங்கிக் கிளையில் வீட்டுப் பத்திரம் கேட்டு என்னை இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி இணையதளத்தில் விண்ணப்பித்த பிறகுதான் கடன் கிடைத்தது. குடும்ப ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, தரச் சான்று பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால், படிப்புக் காலத்துக்கும் அதன் பின் ஓராண்டுக்குமான வட்டியை ஒன்றிய அரசு மானியமாகத் தருகிறது. இது எனக்குத் தெரியாது. வருமானச் சான்றிதழை அவர்களும் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. நான்காண்டு வட்டி முழுவதும் என் தலையில் விழுந்தது. கடன் வாங்கும் நாளிலேயே அந்தச் சான்றிதழைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்கி வையுங்கள்.

பாலக்கோட்டு அண்ணன்:
இருவருக்கும் மிக்க நன்றி. சான்றிதழுக்கு இன்று காலை விண்ணப்பித்துவிட்டோம். அந்த ஆளிடம் பணம் தர இயலாது என்று தொலைபேசியில் சொல்லிவிட்டேன். அம்மா கம்மலைத் திரும்பப் போட்டுக்கொண்டார்.