மேலத்தெரு சொந்தங்கள் (வாட்ஸ்அப் குரூப்)

ரவி (அட்மின்), 9.02: வருந்துகிறோம். நம் தெரு காதர் பாய் இன்று காலை சிவலோக பதவி அடைந்தார். இறுதி ஊர்வலம் மாலை 4 மணி.

ஸ்டெல்லா டீச்சர்: ஐயோ. பாயா??

செல்வி அக்கா: ரவி, என்ன போட்டிருக்கன்னு பாரு

குமார்: பழைய மெசேஜ்ல பேரை மட்டும் மாத்திட்டான் 😳

சுந்தரம் மாமா: ரவி, 9.17-க்குள்ள எடிட் பண்ணு. 15 நிமிஷம்தான் விடும். யாராவது வேற குரூப்புக்கு அனுப்பியிருந்தா அது மாறாது, அனுப்பினவங்களே அழிக்கணும். "வஃபாத்தானார்கள்"னு போடு. ஊர்வலம் வேண்டாம், "ஜனாஸா தொழுகை, நல்லடக்கம்". மணி மட்டும் போடாம எந்தத் தொழுகைக்கு அப்புறம்னும் சேரு. பள்ளிவாசல் எதுன்னு நசீரைக் கேளு.

நசீர்: அஸர், அதாவது சாயங்காலத் தொழுகை, ஜமாஅத் 4.45 மாமா. முடிஞ்சதும் ஜனாஸா. பெரிய பள்ளிவாசல், அடக்கம் பண்ற மையவாடியும் அங்கயேதான்.

ரவி: இன்னா லில்லாஹி போடலாமா தம்பி

நசீர்: போடுங்கண்ணே. பாதியில விடாம முழுசா: இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

குமார்: சங்கம் சார்பா மாலை? ஃப்ளெக்ஸ்?

நசீர்: ரெண்டும் வேணாம்ணே. மையித் (உடல்) போட்டோவும் இங்க போடாதீங்க. பெரியம்மாவுக்கு 4 மாசம் 10 நாள் இத்தா, கணவர் இறந்தா மனைவி இருக்கற காலம். அவங்களைப் பார்க்க லேடீஸ் மட்டும் உள்ள போங்க, ஆம்பளைங்க பெரியண்ணன்கிட்ட வாசல்லயே சொல்லிக்கலாம்.

சுந்தரம் மாமா: ரவி, ஒரே மெசேஜை எல்லாருக்கும் வச்சுக்காதே. டீச்சர் வீட்டுக்கு "கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்". வரதன் வீட்டுக்கு "ஆசார்யன் திருவடி அடைந்தார்", அங்க போய் சிவலோகம்னா சண்டைக்கு வருவாங்க. துரை வீட்டுக்கு "இயற்கை எய்தினார்". சந்தேகம்னா "காலமானார்", யாருக்கும் உறுத்தாது.

ஸ்டெல்லா டீச்சர்: மாமா நாங்க இன்னும் உயிரோடதான் இருக்கோம்

துரை: எனக்கு எழுதியே வச்சாச்சா. 16-ம் நாள் காரியம்னு மட்டும் சேர்த்துடாதீங்க.

பாலாஜி: [முருகன் படம்] ஓம் சரவணபவ. இனிய ஞாயிறு காலை வணக்கம்

செல்வி அக்கா: பாலாஜி, நேரங்காலம் கிடையாதா

பாலாஜி: தினமும் போடறதுதானே. டீச்சர் ஜெபக்கூட்ட நோட்டீஸ் போட்டப்ப யாரும் வாய் திறக்கல.

ஸ்டெல்லா டீச்சர்: அது கேக் ஆர்டர் லிஸ்ட்.

செல்வி அக்கா: விடுங்க. மதியம் அவங்க வீட்ல அடுப்பு எரியாது. 40 பேர்னு வைங்க, சாம்பார் சாதத்துக்கு 3 கிலோ அரிசி, தயிர் சாதத்துக்கு 2. கறி வேண்டாம், ஹலால் பார்க்கணும். சைவம்னா யோசிக்காம சாப்பிடுவாங்க. தயிர் சாதத்துக்குப் பாலும் ஊத்திப் பிசையணும், இல்லன்னா 1 மணிக்குள்ள புளிச்சுடும்.

ஸ்டெல்லா டீச்சர்: சாம்பார் நான்

சுந்தரம் மாமா: இன்னொண்ணு. இரங்கல்ல "ஓம் சாந்தி", "ஆத்மா சாந்தியடைய" வேண்டாம். "ஆழ்ந்த இரங்கல்" போதும்.

குமார்: ஓம் சாந்தி 🙏

குமார்: இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

செல்வி அக்கா: அம்மன் கோயில் கூழுக்கு ஸ்பீக்கர் கட்டியிருக்காங்களே. 4.30-லேர்ந்து 6 வரைக்கும் நிறுத்தச் சொல்லணும். ஜனாஸா அந்த வழியாத்தான் போகும்.

ரவி: பாலாஜி பேசேன்

பாலாஜி: நன்கொடை லிஸ்ட்ல என் பேரை விட்டவங்ககிட்ட நான் பேசறதில்ல. துரை போகட்டும்.

துரை: நான் போனா வால்யூமை ஏத்துவாங்க

சுந்தரம் மாமா: பார்ப்போம். ரவி, எடிட் ஆச்சா?

ரவி: ஆச்சு மாமா. 9.16.

நசீர்: "ஜனாசா"ன்னு இருக்குண்ணே

செல்வி அக்கா: தயிர் யார் வாங்கறா?