வாரம் பெர்சி: புல்வெளியில் ஒரு பாழூரை எப்படி அடையாளம் காண்பது?

கேள்வி:
வணக்கம். அடுத்த மாதம் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதிக்குச் செல்லும்போது வாரம் பெர்சி (Wharram Percy) என்னும் இடைக்காலப் பாழூரையும் பார்த்துவர எண்ணுகிறேன். படங்களில் கூரையற்ற தேவாலயம் ஒன்றும் மேடுபள்ளமான புல்தரையும் மட்டுமே தெரிகின்றன. 1348-49ஆம் ஆண்டுகளின் கொள்ளைநோயில் மக்கள் மாண்டதால்தான் ஊர் பாழானது என்பது சரியா? அங்கே எதைக் கவனிக்க வேண்டும்?

பதில் 1:
பழி முழுவதையும் நோயின் மேல் போட முடியாது. நோய் ஆட்களைக் குறைத்தது உண்மையே. ஆயினும் அதன் பிறகும் ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுகள் அங்கே அடுப்பு எரிந்திருக்கிறது. ஆள் பற்றாக்குறையால் கூலி ஏறி, உழவைவிடக் கம்பளியே லாபம் என்றானபோது நிலவுடைமையாளர்கள் வயல்களை ஆட்டு மேய்ச்சலுக்கு மாற்றினார்கள். எஞ்சியிருந்த சில குடும்பங்களும் 1500ஆம் ஆண்டை ஒட்டி வெளியேற்றப்பட்டன. இடைக்காலத்தில் இருந்து பின்னர் பாழான ஊர்கள் இங்கிலாந்தில் சுமார் 3,000 உண்டு.

பதில் 2:
வெயில் சாய்ந்த பிறகு செல்லுங்கள். உச்சிவேளையில் வெறும் புல்லாகத் தெரியும் இடத்தில், நிழல் நீளும்போது வீட்டு மனைகளும் கொல்லைகளைப் பிரித்த மண்கரைகளும் ஒவ்வொன்றாக எழுந்து வரும். நீளவாக்கில் ஓடும் பள்ளத்தை வாய்க்கால் என்று எண்ணிவிடாதீர்கள்; ஆளும் மாடும் வண்டியும் தலைமுறைகளாகத் தேய்த்துத் தாழ்த்திய தெரு அது. வரலாற்றாய்வாளர் மாரிஸ் பெரெஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்ட்டும் 1950 முதல் 1990 வரை கோடைதோறும் இங்கே அகழ்ந்தார்கள். குடியானவர் வீடுகள் தலைமுறைக்கு ஒருமுறை இடிந்து விழும் குடிசைகள் என்று முதலில் கருதப்பட்டது. உறுதியான மரச்சட்டங்களின் மேல் நின்ற வீடுகள் என்பது பின்னரே தெளிந்தது. தேவாலயச் சுவரில் கல் வைத்து அடைத்த வளைவுகளைத் தவறவிடாதீர்கள். ஊர் பெருகியபோது பக்கக்கூடங்களைச் சேர்த்தவர்கள், சுருங்கியபோது அவற்றை இடித்துவிட்டு இந்த வளைவுகளை அடைத்தார்கள். என்னைக் கேட்டால், அகழ்வறிக்கையைவிட அந்தச் சுவரே ஊரின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறது.

கேட்டவர்:
மிக்க நன்றி. ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த மேடுகள் எவ்வாறு கரையாமல் நிற்கின்றன?

பதில் 1:
ஊரைக் காலி செய்த அதே மேய்ச்சல்தான் காரணம். புல் போர்த்திய நிலத்தில் ஏர் இறங்கவில்லை. உழவு தொடர்ந்த இடங்களில் இத்தகைய மனைகள் மட்டமாகிவிட்டன. அங்கே விமானப் படத்தில் தெரியும் பயிரின் நிறமாற்றத்தைக் கொண்டுதான் ஊரைத் தேட வேண்டும். வண்டியை நிறுத்திவிட்டுச் சரிவில் சற்று தூரம் நடக்க வேண்டியிருக்கும். மழைக்குப் பின் வழுக்கும் பாதை அது, நல்ல காலணி அணிந்து செல்லுங்கள்.