லோயர் ஆர்ம் போல்ட்டுக்கு டீசல், ஒரு ராத்திரி போதுமாம்!

உப்பளத்தான்: போன வாரம் இங்க ஒருத்தர் எழுதினார்: "துருப்பிடிச்ச போல்ட்டா? டீசல் ஊத்தி ஒரு ராத்திரி விடுங்க, காலைல கையாலயே கழட்டலாம்." அதை நம்பி ஒரு பையன் வெறும் ஜாக்கியில காரைத் தூக்கி, கீழ படுத்து, ஸ்பேனர்ல பைப் மாட்டி இழுத்திருக்கான். போல்ட் தலை துண்டா கையில வந்துடுச்சு. வயிறு எரியுது. தூத்துக்குடி உப்புக் காத்துல பன்னெண்டு வருஷம் ஓடின காரோட லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழ ஃபிரேமோட சேத்துப் பிடிக்கற இரும்புக் கை) போல்ட் டீசலுக்கு அசையாது. அது பிடிச்சிருக்கறது மரையில, அதாவது திருகு வரியில, இல்லய்யா! ஆர்ம் முனையில அதிர்வைத் தாங்கற ரப்பர் புஷ்ஷுக்கு நடுவுல ஒரு இரும்புக் குழாய் இருக்கு, போல்ட்டோட உடம்பு அதுக்குள்ள போகுது. துரு இரும்பை விட அதிக இடம் அடைக்கும். குழாயும் போல்ட்டும் ஒரே கட்டியா ஆயிடும். ரெண்டு பக்கமும் பிராக்கெட் இறுக்கி மூடியிருக்கு. டீசல் எந்த வழியா உள்ள போகும்?

பழைய800: அந்த "ஒருத்தர்" நான்தான். பேரைச் சொல்லியே எழுதியிருக்கலாம். எங்கப்பா லாரி ஷெட்டுல முப்பது வருஷம் டீசல் ஊத்தித்தான் கழட்டினார். ஒரு ராத்திரி போதும்.

உப்பளத்தான்: லாரி ஸ்பிரிங் பட்டையில இருக்கறது யூ போல்ட். மரை வெளிய நிக்குது, டீசல் இறங்கும். அதையும் இதையும் ஒண்ணாக்காதீங்க.

பழைய800: இரும்பு எங்க இருந்தாலும் இரும்பு. ஒரு ராத்திரி ஊறணும், அவ்ளோதான்.

நீலத்தீ: ரெண்டு பேரும் வெட்டியா அடிச்சுக்கறீங்க. நட்டைச் சூடு பண்ணுங்க. 12 மில்லி துளை 300 டிகிரி ஏறினா 0.04 மில்லி விரியும். துருவோட பிடி உடைய அது போதும்.

உப்பளத்தான்: தம்பி, கணக்கு சரி, இடம் தப்பு. பக்கத்துல ரப்பர் புஷ், அதுக்கு மேல பிரேக் ஹோஸ். இவர் பேச்சைக் கேட்டு ராத்திரி பூரா டீசல் ஊத்தின இடத்துல காலைல நீங்க கேஸ் டார்ச் நெருப்பைக் காட்டுவீங்களா? தலையில 10.9னு உறுதி எண் போட்டிருக்கற போல்ட்டைச் சிவக்கக் காய்ச்சினா பதம் போயிடும், திரும்பப் போடக்கூடாது.

நீலத்தீ: புது போல்ட் போடாம யாராவது பழசையே போடுவாங்களா? இவ்ளோ தெரியாதவனா நான்?

தமிழ்ச்சுத்தி: "மரை" இல்ல, "மறை". எல்லாரும் தப்பா எழுதறீங்க.

உப்பளத்தான்: மரையாணின்னு கேள்விப்பட்டதில்லையா? சின்ன ர தான். எங்க பட்டறையில எழுதின பில் எல்லாம் அப்படித்தான்.

தமிழ்ச்சுத்தி: பட்டறை பில்லா இலக்கணம்?

பழைய800: எழுத்துல நிக்கற ஆளு இவரு. வேலைன்னு வந்தா டீசல் கூடாதுங்கறார். எங்க ஷெட்டுல வந்து ஒரு ராத்திரி இருந்து பாருங்க.

உப்பளத்தான்: போன மழைக்காலத்துல, ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கற கம்ப்ரஸர் வேண்டாம், கயிறு கட்டி ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கோட சேந்த ஷாக் அப்சார்பர்) மேல் நட்டைக் கழட்டலாம்னு சொன்னதும் நீங்கதானே? அந்த ஸ்பிரிங் தெறிச்சா தாடை மிஞ்சாது. அன்னைக்கும் கத்தினேன், அன்னைக்கும் நீங்க கேக்கல.

பழைய800: அதை ஏன் இப்ப இழுக்கறீங்க? பேச்சு டீசலைப் பத்தி.

கடலூர்பையன்: அண்ணே, தலை உடைஞ்சது என் கார்லதான். இப்ப என்ன பண்றது?

நீலத்தீ: சூடு பண்ணு தம்பி.

பழைய800: நீ எத்தனை மணி நேரம் ஊற விட்ட? சாயங்காலம் ஊத்தினியா, நடுராத்திரியா?

உப்பளத்தான்: பையனை விடுங்க ரெண்டு பேரும்! தம்பி, முதல்ல காரை ஜாக்கி ஸ்டாண்டு (அடியில முட்டுக் கொடுக்கற இரும்புக் கால்) மேல நிறுத்து, ஜாக்கியை நம்பி அடியில போகாதே. ஆர்ம் எப்படியும் புதுசுதான் போடப் போற. பிராக்கெட்டுக்கும் புஷ்ஷுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் ஹாக்ஸா பிளேடை விட்டு போல்ட்டை அறு, ஆர்ம் தனியா வந்துடும். நட்டு ஃபிரேமோட வெல்டா இருந்தா மீதித் துண்டை வெறியோட திருகாதே, வெல்டு விட்டுடுச்சுன்னா வேலை நாலு மடங்கு. அந்த நட்டுக்கு மட்டும் எண்ணெய் விடு, அது மரை, அங்க இறங்கும். புது போல்ட்டோட உடம்புல கிரீஸ் தடவு. கடைசி இறுக்கு, சக்கரம் தரையில நிக்கறப்பதான். தொங்கறப்ப இறுக்கினா ரப்பர் முறுக்கிக்கிட்டே ஓடி சீக்கிரம் கிழியும்.

பழைய800: பாத்தீங்களா! "எண்ணெய் விடு"ன்னு அவரே சொல்லிட்டார்.

உப்பளத்தான்: நட்டுக்குச் சொன்னேன். குழாய்க்கு இல்ல.

கடலூர்பையன்: டபிள்யூடி-40 ஸ்பிரே இருக்கு, அது போதுமாண்ணே?

தமிழ்ச்சுத்தி: அது 1953ல சான் டியாகோவுல ஈரத்தை விலக்க உண்டாக்கினது. பேர்ல இருக்கற 40, நாப்பதாவது முயற்சி.

பழைய800: அமெரிக்காக்காரன் நாப்பது தடவை முயற்சி பண்ணினான். எங்கப்பாவுக்கு ஒரு ராத்திரி. இந்த ஞாயித்துக்கிழமை என் மாருதி 800ல ஊத்தி, காலைல கழட்டி, போட்டோ போடறேன்.

உப்பளத்தான்: எந்த போல்ட்ல?

பழைய800: பின்னாடி ஷாக் அப்சார்பர் கீழ் நட்டு.

உப்பளத்தான்: அது மரை வெளிய தெரியற இடம்! நான் கேட்டது லோயர் ஆர்ம். எத்தனை தடவை சொல்றது?

தமிழ்ச்சுத்தி: மறை.

பழைய800: ஞாயித்துக்கிழமை பாருங்க. ஒரு ராத்திரி.