பச்சைப் பொடியும் பச்சைத் தண்ணீரும்

மெட்டாதெசிஸ், அதாவது கார்பன் இரட்டைப் பிணைப்புகளைப் பிரித்து மாற்றிச் சேர்க்கும் வினை. அதன் வினையூக்கியை, வடிகட்டி எடுத்து மறுபடி பயன்படுத்த, சிலிக்காவில் ஏற்றிப் பார்த்தவர்கள் பட்டதைச் சொல்லுங்கள். முதலில் என் கதை.

ஆய்வுப் படிப்பின் இரண்டாம் ஆண்டு. ஹோவெய்டா–கிரப்ஸ் இரண்டாம் தலைமுறை என்ற பச்சை நிற ருத்தேனியம் வினையூக்கி, எஸ்பிஏ-15 என்ற நுண்துளைச் சிலிக்கா. வேதிப் பிணைப்பு எதுவும் இல்லை, நுண்துளைச் சுவரில் வெறுமனே ஒட்டவைப்பதுதான். சிலிக்காவை வெற்றிடத்தில் 300 டிகிரியில் காயவைத்து, டொலுவீனில் கரைத்த வினையூக்கியோடு கலக்கினேன். கொஞ்ச நேரத்தில் பச்சை நிறம் மொத்தமும் பொடிக்குள் போய்விட்டது. மேலே நின்ற டொலுவீன் பளிங்குபோல் தெளிவு. பட்டமே வாங்கிவிட்ட மாதிரி இருந்தது எனக்கு.

டைஅல்லைல் மலோனேட்டை வளையமாக மூடும் வினையை ஓட்டினேன். வடிகட்டி, கழுவி, அதே பொடியை மறுபடி போட்டேன். ஐந்து சுற்று, ஐந்திலும் முழு மாற்றம். வரைபடத்தோடு கைடிடம் (ஆய்வு வழிகாட்டியிடம்) ஓடினேன்.

"ஒரு சுற்று எவ்வளவு நேரம்ப்பா?"

"ராத்திரி முழுக்க சார்."

"அரை மணியில் முடிகிற வினை. ராத்திரி முழுக்க விட்டால் பாதி செத்த வினையூக்கிகூட நூறு காட்டும். பத்து நிமிடத்தில் எடுத்துப் பார்."

பார்த்தேன். மூன்றாவது சுற்றிலேயே பாதிக்கு இறங்கியிருந்தது.

அடுத்த மூலப்பொருள் டொலுவீனில் சரியாகக் கரையவில்லை. சரி என்று டைகுளோரோமீத்தேன் என்ற வேறு கரைப்பானை ஊற்றினேன். கண்முன்னே திரவம் பச்சையானது, பொடி வெளுத்தது. வினை என்னவோ அருமையாக நடந்தது, ஆனால் கரைசலில்! அன்றிலிருந்து வினை பாதியில் இருக்கும்போதே சூட்டோடு வடிகட்டி, வடிந்த திரவத்தைத் தனியாகத் தொடர்ந்து சூடாக்குவேன். அதில் மாற்றம் ஏறினால் ருத்தேனியம் பொடியிலிருந்து கரைசலுக்குள் இறங்கிவிட்டது என்று அர்த்தம்.

பதில் 1:
மருந்துத் துறையில் இருக்கிறேன். நிறத்தை நம்பாதீர்கள். கண்ணுக்குத் தெளிவாக இருந்த வடிதிரவத்திலும் ஐசிபி-எம்எஸ் (மிக நுண்ணிய அளவு உலோகத்தையும் அளக்கும் கருவி) ருத்தேனியத்தைக் காட்டியது. வாய்வழி மருந்தில் ருத்தேனியத்துக்கு ஐசிஎச் (மருந்துத் தர விதிகளுக்கான சர்வதேச அமைப்பு) வழிகாட்டி அனுமதிப்பது நாளைக்கு 100 மைக்ரோகிராம். அப்புறம், குடுவையை இறுக மூடிவிடாதீர்கள். வினையில் உண்டாகும் எத்திலீன் வாயு வெளியேறாவிட்டால் வினை பின்னோக்கித் திரும்பும், வினையூக்கியும் சீக்கிரம் சாகும். இரண்டு வாரம் சிலிக்காவைத் திட்டிய பிறகுதான் குற்றவாளி மூடி என்று கண்டுபிடித்தேன்.

பதில் 2:
சிலிக்காவை எடுத்து வடிகட்டுகிற வசதிக்கு மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தில் எஸ்பிஏ-15இன் வெளிப்பரப்பில் வினையூக்கி ஒட்டாதபடி அதை மூடி, துளைக்குள் மட்டும் வினையூக்கியைக் கட்டி, பெரிய வளையங்களை மூடியிருக்கிறார்கள். குறுகலான துளையில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துச் சங்கிலியாவது குறைகிறது. அதைப் பார்த்து நானும் இறங்கினேன். வெளிப்பரப்பை மூடும் படியைச் சோம்பலில் விட்டுவிட்டேன். கிடைத்தது வளையம் இல்லை, கோந்து.

முதல் பதிவர்:
அந்தக் கோந்தை எதில் கழுவினீர்கள்? என் வடிகட்டியிலும் அதே மாதிரி ஒன்று இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.