மேலே ஒரு அறை, கீழே ஒரு சுவரை எடுப்பது: எதற்கெல்லாம் அனுமதி வேண்டும்?

மொட்டைமாடி:
வணக்கம். அப்பா கட்டிய வீடு, தரைத்தளம் மட்டும். மாடியில் கழிப்பறையோடு ஓர் அறை போட வேண்டும். அப்படியே சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட்டு இரண்டையும் ஒன்றாக்கலாம் என்று எண்ணம். டைல்ஸ், பெயின்ட் வேலையும் உண்டு. “மேல போடுறதுக்கு அனுமதி வாங்குங்க, வீட்டுக்குள்ள செய்றதுக்கு யாரைக் கேட்கணும்?” என்கிறார் மேஸ்திரி. அவர் சொல்வது சரிதானா?

தூக்குக்குண்டு:
நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். நீங்கள் சொன்ன வேலைகளில் அந்தச் சுவர்தான் எனக்குப் பயம். பெயின்ட், டைல்ஸ், பூச்சு, பழைய குழாயை மாற்றுவது போன்றவற்றுக்குப் பெரும்பாலான இடங்களில் அனுமதி கேட்பதில்லை. சுமை தாங்கும் எதையாவது தொட்டால், வீட்டின் நீளமோ அகலமோ உயரமோ மாறினால், வெளிச்சுவரில் புது வாசல் திறந்தால், படிக்கட்டை நகர்த்தினால், வீட்டைக் கடையாக்கினால் கேட்பார்கள். விவரம் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்வார்த்தை வேண்டாம்.

இப்போது சுவருக்கு வருகிறேன். தட்டிப் பார்த்துச் சொல்வதை நம்பாதீர்கள். நாலரை அங்குலச் சுவர் வெறும் தடுப்பாக இருக்கலாம். ஒன்பது அங்குலம் என்றால் மேலே உள்ள தளம் அதில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டே பேச்சைத் தொடங்க வேண்டும். ஐந்து அங்குல கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு 300 கிலோவுக்கு மேல் இருக்கும். அதன்மேல் நீங்கள் எழுப்பப்போகும் ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரத்தில், ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஏறக்குறைய ஒன்றே கால் டன். 1000 லிட்டர் தொட்டி வைத்தால் தண்ணீர் மட்டுமே இன்னொரு டன்.

1995 ஜூன் 29 அன்று சியோலில் சாம்பூங் பல்பொருள் அங்காடி இடிந்து 502 பேர் இறந்தார்கள். முதலில் நாலு தளங்களுக்கு மட்டும் திட்டமிட்ட கட்டடம் அது. எஸ்கலேட்டருக்காகத் தூண்களை எடுத்தார்கள், ஐந்தாவது தளத்தை ஏற்றினார்கள், ஏசி எந்திரங்களை மொட்டைமாடியில் வைத்தார்கள். உங்கள் வீடு அவ்வளவு பெரிதில்லைதான். ஆனாலும் கீழே தாங்குவதைக் குறைத்து மேலே சுமையை ஏற்றும் வேலைதான் இங்கேயும் நடக்கப்போகிறது. இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில், ஒரே வரைபடத்தில் காட்டுங்கள். தனித்தனியாகப் பார்க்கிறவருக்கு இந்த ஆபத்து தெரியாது.

வாசற்படி:
அண்ணன் சொன்னதோடு இன்னொன்று. நாங்கள் வீட்டை விற்கப் போனபோது, வாங்க வந்தவருக்குக் கடன் கொடுக்க இருந்த வங்கியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்தார். ஒப்புதல் பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு அறை அறையாக நடந்தார். முந்தைய உரிமையாளர் பின்பக்கம் இழுத்துக் கட்டிய அறை அதில் இல்லை. கடன் அங்கேயே நின்றுவிட்டது. வரன்முறைப்படுத்தக் கேட்டால், பக்கத்து மனைக்கு விட வேண்டிய இடைவெளியை அந்த அறை விழுங்கிவிட்டது என்றார்கள். வேறு வழியின்றி இடித்தோம்.

மொட்டைமாடி:
ரொம்ப நன்றி. அளந்து பார்த்தேன், பூச்சோடு பத்து அங்குலம் வருகிறது. அப்போது அது ஒன்பது அங்குலச் சுவர்தானே? மாடியில் நாலு மூலையிலும் தூண் கம்பிகளை நீட்டி விட்டிருக்கிறார்கள். மேலே கட்டத்தான் அப்பா விட்டார் என்று மேஸ்திரி சொல்கிறார். அது போதாதா சார்?

தூக்குக்குண்டு:
ஆமாம், ஒன்பது அங்குலம்தான். கம்பி நீட்டியிருப்பது அப்பாவின் ஆசையைச் சொல்கிறது, அஸ்திவாரம் எவ்வளவு தாங்கும் என்பதைச் சொல்லாது. வெயிலிலும் மழையிலும் கிடந்த கம்பியைத் தேய்த்துப் பாருங்கள். துரு செதில் செதிலாக உதிர்ந்தால் உள்ளே இருக்கும் விட்டம் குறைந்திருக்கும்.

சுவரை எடுத்துவிட்டு பீம் போடலாம், தப்பில்லை. ஆனால் அந்தச் சுவர் நீளம் முழுக்கப் பரவி இறங்கிய சுமை இனி பீமின் இரண்டு முனைகளில் மட்டும் இறங்கும். அந்த இரண்டு இடத்திலும் கீழே அஸ்திவாரம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. யாரும் இதைக் கேட்காமல் பீமின் அளவைப் பற்றியே பேசுவார்கள். முட்டுக் கொடுக்காமல் ஒரு செங்கல்லைக்கூட உருவ விடாதீர்கள்.

ஒரு மூலையில் குழி தோண்டி அஸ்திவாரத்தின் அகலம், ஆழம், மண் இவற்றை இன்ஜினியர் ஒருவர் பார்க்கட்டும். அவர் கையெழுத்திட்ட கணக்கும், வீடு இப்போது இருக்கும் வரைபடமும், மாற்றப்போகும் வரைபடமும் விண்ணப்பத்தோடு போகட்டும். அனுமதி வந்த பிறகும், கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் போடுவதற்கு முன்னால் அவர் வந்து பார்க்க வேண்டும். ஊற்றிய பிறகு உள்ளே என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குழி தோண்டிப் பார்த்து முடிவு வரும்வரை மேஸ்திரிக்கு முன்பணம் கொடுக்காதீர்கள், தேதியும் சொல்லாதீர்கள்.