புதுப்பிப்பு: கார் பெயின்ற்றில் ஒட்டிய பூச்சியை எடுப்பது

கொழும்பிலிருந்து ஏ9 வீதியால் யாழ்ப்பாணம் போக முதல் போனட்டுக்கும் பம்பருக்கும் வக்ஸ் பூசச் சொல்லி முன்பு எழுதியிருந்தேன். ஒட்டின பூச்சியை என்ன செய்வது என்பதுதான் பிறகு வந்த கேள்வி.

போய் இறங்கியதும் காரை நிழலில் விட்டு, தண்ணீர் சொட்டும் மைக்ரோஃபைபர் துணியைப் பூச்சி அப்பிய இடத்தில் 10 நிமிடம் போட்டு வையுங்கள். துணி காயவிடாமல் தண்ணீர் தெளியுங்கள். பூச்சியின் உடற்சாறு காய்ந்து பசைபோல இறுகும், வெயில் ஏறினால் பெயின்ற்றின் மேலிருக்கும் நிறமற்ற காப்புப் படலத்தையே (கிளியர் கோட்) அரிக்கும். காய்ந்தபடி தேய்த்தால் அதன் ஓடே கீறல் போடும். ஊறியதும் கார் ஷாம்பூ நீரால் அழுத்தாமல் வழித்தெடுங்கள், ஒவ்வொரு முறையும் துணியின் புதுப் பக்கத்தால். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம், பூசிய வக்ஸும் சேர்ந்து போகும். பெற்றோல், தின்னர் ஹெட்லைட் பக்கமே போகக்கூடாது. அது கண்ணாடியல்ல, பிளாஸ்டிக்.

கழுவியும் விரல் நுனியில் பள்ளம் தட்டுப்பட்டால் அது அழுக்கல்ல, அரிப்பு. பொலிஷ்தான் வழி. ஆனால் பொலிஷ் கிளியர் கோட்டில் கொஞ்சத்தைத் தேய்த்தெடுக்கும். அதன் தடிப்பு பெரும்பாலும் 40–50 மைக்ரோன்தான் (மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கே ஒரு மைக்ரோன்), ஒவ்வொரு பயணத்துக்கும் பொலிஷ் அடித்தால் தாங்காது.

முன்பக்கக் கிறிலுக்குப் பின்னால், ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரிலும் பூச்சி அடைந்திருக்கும். அங்கே பிரஷர் கன் பிடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். சாதாரண குழாய்த் தண்ணீர் போதும்.