மரம் விற்கப்போன அனுபவம் யாருக்காவது உண்டா?

மேட்டாங்காடு
மலைவேம்பு போட்டவர்கள் சொல்லுங்கள். ஏழு வருஷம் முன்னால் 300 கன்று, சொட்டுநீர், ஊடே உளுந்து. இரண்டாம் வருஷமே நிழல் கட்டிவிட்டது, உளுந்தை விட்டுவிட்டேன். போன மாதம் வியாபாரி வந்தார். டேப் எடுத்து நெஞ்சு உயரத்தில் சுற்றளவு பிடிப்பார் என்று நிற்கிறேன். டேப்பைத் தொடவே இல்லை. தலை உயரத்தில் கிளை காய்ந்து விழுந்த முடிச்சு ஒன்றில் விரலை வைத்தார். "ப்ளைவுட்டுக்கு ஆகாதுங்க, விறகா எடை போட்டுக்கலாம்." அந்த விரல்தான் கண்ணிலேயே நிற்கிறது. கன்று விற்றவர் கிளை கழிக்கணும் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

கொறங்காட்டான்
காங்கேயம் பக்கம் நாங்கள் கன்றே வாங்குவதில்லை. வெள்வேல மரம், அடியில் கொழுக்கட்டைப் புல், சுற்றிக் கிளுவை வேலி. ஆடு மாடு மேயும் இந்த நிலத்தைத்தான் கொறங்காடு என்போம், தாத்தா காலத்திலிருந்து இதுதான். புல் காய்ந்த கோடையில் காற்றடித்து வேலங்காய் உதிரும் சத்தம் கேட்டால் படுத்திருக்கும் செம்மறி மொத்தமும் எழுந்து ஓடும். பக்கத்துக் கொறங்காட்டை மனை போட விற்றுவிட்டார்கள். ஜேசிபி முதல் மரத்தைத் தள்ளியபோது காய் சடசடவென்று கொட்டியது. எங்கள் ஆடுகள் ஓடிப்போய் வேலியை முட்டிக்கொண்டு நின்றன. விரட்டினாலும் நகரவில்லை.

பேராவூரணி
2018 நவம்பர் 16 விடியற்காலை எங்கள் தோப்பில் என்ன ஆனது என்று கஜா புயலைப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்புறம் ஒரு நாள், தென்னையை மட்டும் நம்பாதீர்கள், கலந்து நடுங்கள் என்று சிலர் மகாகனிக் கன்றும் பலாக் கன்றும் கொடுக்க வந்தார்கள். போட்டோவுக்காக அம்மா கையில் ஒரு கன்றைக் கொடுத்தார்கள். அம்மா சாய்ந்து கிடந்த தென்னையைப் பார்த்து, "இதுவே நிக்கல, இது நிக்குமாப்பா?" என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. பலாவை மட்டும் கொல்லையில் வைத்தார்.

வரப்போரம்
மேட்டாங்காடு, கன்று விற்றவரைத் திட்டி என்ன பயன்? முதல் இரண்டு வருஷம் பக்கக்கிளை இளசாக இருக்கும்போதே தண்டை ஒட்டிக் கழித்திருக்க வேண்டும். ஊடுபயிர் வேண்டுமானால் வரிசையைக் கிழக்கு மேற்காக அகலம் விட்டு வைத்திருக்கணும், வெயில் உள்ளே இறங்கும். நெருக்கி நட்டுவிட்டு உளுந்து வரவில்லை என்றால் எப்படி? மரத்தை அடங்கலில், அதாவது கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் பயிர்க் கணக்கில், ஏற்றினீர்களா? தேக்கு, சந்தனம் வைக்கிறவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். 2002 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு பட்டாவில் சந்தனம் நம்முடையதுதான். ஆனால் வனத்துறையைக் கேட்காமல் அரிவாள் வைக்கக்கூடாது. மத்திய அரசு 2014-லேயே வேளாண்காட்டுக்கு, அதாவது பயிரோடு மரமும் வளர்ப்பதற்கு, தனிக் கொள்கை கொண்டுவந்தாயிற்று, நம்மவர்கள் இன்னும் வியாபாரி வாயைப் பார்க்கிறார்கள். கொறங்காட்டான் சொல்வது மேய்ச்சல் நிலம், விவசாயக் கணக்கில் வராது.
என் கதை சின்னதுதான். வரப்பில் வைத்த தேக்கு நிழல் தன் நெல்லில் விழுகிறது என்று பங்காளி எட்டு மரத்துக்குப் பட்டை உரித்துவிட்டான்.

கொறங்காட்டான்
ஆடு மாடு விவசாயம் இல்லையாங்க? மூணு வருஷம் மழை பொய்த்தபோது எங்களுக்குச் சோறு போட்டதே அதுதான்.

மேட்டாங்காடு
அண்ணே, உளுந்தைப் பற்றி நான் கேட்கவே இல்லை. வெள்ளிக்கிழமை வியாபாரி மறுபடி வருகிறார். முடிச்சு இல்லாத மரங்களை மட்டும் தனியாகப் பிரித்து விலை பேசியவர்கள் யாராவது உண்டா?